இரவல் இசை

எமது இந்துக் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, வேற்றுமை மயக்கம் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து மலராசிரியர்கள் எதிர்பார்ப்பதும் அத்தகையதொன்றேயாகும். இரண்டு பக்கம் எழுதியும் முடித்தேன். பின்னர் அதனை வாசித்துப் பார்த்தபோது, இதனைப் படிக்கப்போகும் பழைய மாணவர்களுள் எத்தனைபேர் மூன்றாம் பக்கம்வரை வருவர் என்ற ஐயம் பிறந்தது. அன்றியும், பழைய மாணவன் என்ற முறையில் எழுதுவதாயின் இக்கல்லூரியில் யான் பெற்றவற்றுள் எது இன்றும் நாள்தோறும் என்னுடன் இருக்கின்றதோ அதனை எழுதுதலே முறை. அது பாடத்திட்டத்தில் இருந்த பொருளன்று. மேலட்டை தொலைந்த ஒரு கசற் நாடாவின் வழியாக வந்தது.

1996 ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவு பயிலும் பொருட்டு யான் பழுகாமத்திலிருந்து இக்கல்லூரிக்கு வந்தேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று எம் முன்னோர் ஞாயிற்றை வைத்து நாட்டை இரண்டாகப் பிரித்தனர். அந்நாளில் போரும் தன் பங்குக்கு அதே வாவியிலே ஒரு கோடு கீறியிருந்தது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறுவதற்குள் ஒரு பகற்பொழுது கழிந்துவிடுவதும் உண்டு. ஆகவே விடுமுறைக்கன்றி ஊருக்குச் செல்லாது விடுதியிலேயே கிடந்தேன்.

என் வகுப்பிலே கல்லடியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய தந்தையார் வானொலிப் பெட்டி திருத்துபவர். திருத்தக் கொடுத்தவர்கள் திரும்பி வராமையால் தங்கிப்போன பெட்டிகள் அவ்வீட்டுத் திண்ணையில் அடுக்கடுக்காய் இருக்கும். எங்கு போனார்கள் என்று அக்காலத்தில் எவரும் விசாரிப்பதில்லை. அவற்றுள் ஒன்றை, மூடி உடைந்ததொரு கசற் கருவியை, நண்பர் ஒரு சனிக்கிழமை விடுதிக்குத் தூக்கிவந்தார். உள்ளேயிருந்த நாடாவின்மேல் ‘மாண்டலின்’ என்று நீல மையினால் எழுதப்பட்டிருந்தது. வேறொன்றும் இல்லை. சினிமாப் பாட்டுகளாக இருக்கும் என்று கருதி விடுதி மாணவர் பன்னிருவரும் சூழ்ந்து அமர்ந்தோம்.

வந்ததோ வர்ணம். அதன்பின் ஹம்ஸத்வனியில் முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படி. “பாட்டு எப்ப தொடங்கும்?” என்று ஒருவன் கேட்டான். கால்மணி நேரத்தில் பதின்மர் எழுந்து பந்தடிக்கச் சென்றுவிட்டனர். யானும் நண்பருமே எஞ்சினோம். எனக்கு அந்நாளில் இராகம் இன்னதென்று அறியும் ஆற்றல் கிடையாது. கோயில் நாகசுரமும் கூத்துக் களரியின் மத்தளமும் சல்லரியுமே என் செவி அறிந்த இசை. ஆயினும் ஏதோவொன்று அவ்விடத்தைவிட்டு எழவிடவில்லை. மழைத்துளி ஓட்டிலே விழுந்து சிதறுவதுபோல ஒலிகள் விழுந்தன. விழுந்தவை சிதறிப்போகாது, ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடின. வாசிப்பவர் யாரென்பது அன்று எங்களுக்குத் தெரியாது. சில வாரங்களுக்குப் பின்னர் நண்பரின் தந்தையாரே பெயரைச் சொன்னார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ்.

இனி அவர் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் 1969 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆந் திகதி ஆந்திர நாட்டிலே பாலக்கொல்லு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சத்தியநாராயணா கிளாரினெற் வாசிப்பவர். வீட்டில் இருந்த தந்தையாரின் மாண்டலினை ஆறு வயதில் மகன் எடுத்தான். அவனுக்குக் குருவாக வாய்த்தவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கராகிய ருத்ரராஜு சுப்பராஜு. இக்குருவிற்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயாற் பாடுவார், சிறுவன் அதனைக் கையால் வாசிப்பான். கைவழியைக் காட்டித் தருவாரில்லாமையே அப்பிள்ளைக்குப் பெரும்பேறாயிற்று என்பது என் துணிபு. எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்ல ஒருவர் இருந்திருப்பின், அக்கருவியில் எது இயலாது என்பதையும் அவர் சேர்த்தே சொல்லிக் கொடுத்திருப்பார். 1978 இல் குடிவாடாவில் நிகழ்ந்த தியாகராஜ விழாவில் அரங்கேறினார். 1981 இல் சென்னையில் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சபையின் மேடையில் வாசித்தபொழுது அவருக்கு வயது பன்னிரண்டு. இரண்டாண்டுகளில், 1983 இல், மேற்கு பேர்லின் ஜாஸ் விழாவுக்குச் சென்று வாசித்தார். 1998 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. விருதுகளை அடுக்குவது என் நோக்கமன்று; அவை வேண்டியோர் வேறிடத்திற் காண்க.

அக்கருவியைப் பற்றி ஒன்று சொல்லாவிடின் அவர் செய்தது இன்னதென்பது விளங்காது. மாண்டலின் இத்தாலி நாட்டுக்குரியது. எம் நாட்டிலே பைலாக் குழுக்களிலும், தமிழகத்திலே திரைப்படப் பாட்டுகளின் இடையிசையிலும் அது இடம்பெற்றிருந்தது. அதற்கு எட்டுத் தந்திகள். இரண்டிரண்டாய் இணைந்து நான்கு சோடி. தெறித்தால் ஒலி உடனே பிறக்கும், உடனே இறக்கும். எங்கள் இசைக்கோ ஒரு சுரம் நிற்கவும் வேண்டும், நின்ற இடத்தில் அசையவும் வேண்டும், அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லவும் வேண்டும். இதனைக் கமகம் என்பர். கமகம் இல்லாத இராகம் இலக்கணம் மட்டும் கற்றுப் பேசத் தெரியாதவன் தமிழ் போன்றது. இரட்டைத் தந்திகளைச் சேர்த்து இழுத்து அசைப்பது அரிது. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினை எடுத்து, இரட்டைகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கினார். கீழ்த்தாயிக்காக ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். மின்பெருக்கியின் துணையால் தெறித்த ஒலி நீடித்து நின்றது. நிற்கும் ஒலியின்மேல் இடக்கை விரலை மெட்டுகளினூடே வழுக்கி, இழுத்து, தடவி, வாய்ப்பாட்டின் வளைவு நெளிவு அனைத்தையும் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் வயலினுக்குச் செய்ததை இவர் தம் பிள்ளைப் பருவத்தில் மாண்டலினுக்குச் செய்தார் எனின் மிகையாகாது.

இவை யாவும் பின்னர் வாசித்தும் கேட்டும் அறிந்தவை. ஆனால் இதன் உட்பொருளை எனக்கு முதன்முதல் உணர்த்தியவர் எமது தமிழாசிரியரே. அவர் பெயரைக் கூறினால் இம்மலரைப் படிக்கும் பலரும் எழுந்து நிற்பர். அவரோ தம் பெயர் அச்சேறுவதை விரும்பாதவர். பண்டிதர் ஐயா என்றே குறிப்பிடுகின்றேன். ஒருநாள் இரவு, படிப்பு நேரத்திலே, கட்டிலின் கீழ்க் கருவியை மறைத்து வைத்து மெல்லிய ஒலியில் நானும் நண்பரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நண்பர் அன்று வீட்டுக்குப் போகவில்லை. மாலையில் வீதியில் ஏதோ நடந்து போக்குவரத்து நின்றுவிட்டது. ஐயா உள்ளே வந்ததை அறியோம்.

“என்ன தம்பி, வீணை கேக்கிறீரோ?”

“இல்லை சேர், மாண்டலின்.”

“மாண்டலினோ? பைலாக்காரர் வைச்சிருக்கிறதோ?”

தண்டனை வரப்போகின்றதென்று எழுந்து நின்றோம். ஐயா நின்றபடியே சிறிது கேட்டார். பின்னர்க் கட்டிலில் அமர்ந்தார். கரகரப்பிரியா ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. நாடாவின் அப்பக்கம் முடிந்து கருவி ‘டக்’ என்று நிற்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. “மற்றப் பக்கத்தைப் போடும்” என்றார்.

மறுநாள் வகுப்பிலே சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. யாழ் பற்றிய பகுதிக்கு வந்ததும் ஐயா நூலை மூடிவைத்தார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து யாழ்நூல் இயற்றி, 1947 ஆனியில் திருக்கொள்ளம்பூதூரில் அதனை அரங்கேற்றி, அடுத்த மாதமே மறைந்த வரலாற்றைச் சொன்னார். “இவ்வளவு சிறந்த யாழ் ஏன் அழிந்தது? யாராவது சொல்லுங்கள்” என்றார். ஒருவரும் சொல்லவில்லை. “யாழிலே ஒரு நரம்புக்கு ஒரு சுரம். தண்டும் மெட்டும் இல்லை. விரலால் அழுத்தி அசைக்க இடமில்லை. காலம் அசைவைக் கேட்டது. யாழால் கொடுக்க முடியவில்லை, வீணை கொடுத்தது. அதுதான் அறிஞர் சொல்லும் காரணம்” என்றவர், எங்கள் இருவரையும் பார்த்து, “நேற்று ஒரு பையன் வாசிக்கக் கேட்டேன். அவன் கையிலே நம்முடைய யாழ் அகப்பட்டிருந்தால் அது பிழைத்திருக்கும்” என்றார். யான் தமிழாசிரியனாக வேண்டுமென்று முடிவு செய்தது அந்நாளிலே என்று சொன்னால் அது கதைபோல் இருக்கும். ஆனால் பிற்காலத்தில் அதே காதையைக் கற்பிக்கும்போதெல்லாம் அதே இடத்திலேயே யானும் நூலை மூடுகின்றேன்.

அவ்வாண்டு இறுதி விடுமுறைக்கு நண்பரிடம் அந்நாடாவை இரவலாகக் கேட்டேன். “கொண்டு போ மச்சான், தைப்பொங்கலுக்குப் பிறகு தந்தாற் போதும்” என்றார்.

எங்கள் வீட்டிற்கு மின்சாரம் இல்லை. மின்கலங்களும் அப்பாலத்தைத் தாண்டி எளிதில் வருவதில்லை. ஆகவே அக்காலத்திற் பலரும் செய்ததையே யானும் செய்தேன். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து கம்பியை இழுத்துக் கசற் கருவிக்குப் பூட்டி, என் தம்பியை மிதிகட்டையைக் கையாற் சுற்றவைத்தேன். அவன் சுற்றும் வேகமே இசையின் வேகம். கை சோர்ந்தால் ஸ்ரீநிவாஸும் சோர்ந்துவிடுவார். சுருதி பாதாளத்துக்கு இறங்கும். கோபம் வந்து சுற்றினால் அவர் ஏற்கெனவே வாசிக்கும் வேகத்தின் மேலும் ஒரு வேகம் ஏறும். ஆலாபனைக்குச் சம்மதித்த தம்பி, தனியாவர்த்தனம் வந்ததும், “இது வெறும் மேளம்தானே, இதுக்கும் நான் சுத்த வேணுமோ?” என்று கேட்பான். ஒரு முழுப் பக்கம் சுற்றினால் மறுநாள் அவனுக்காக யான் வயலுக்குத் தண்ணீர் கட்டவேண்டும் என்பது எங்கள் உடன்படிக்கை. அவ்வாண்டு பெரும்போகத்திலே எங்கள் வயலிற் பெரும்பாலும் யானே தண்ணீர் கட்டினேன்.

பழுகாமம் திரௌபதை அம்மன் ஆலயம் எம் பகுதியில் நன்கறியப்பட்டது. அங்கு நிகழும் தீமிதிப்பைக் காண வாவிக்கு இருகரையிலிருந்தும் அடியார் வருவர். அடுத்த ஆண்டு அத்திருவிழாவின்போது ஒலிபெருக்கிக்காரரைப் பலவாறு இரந்து, விடியற்காலையில் பக்திப் பாடல்களுக்கு முன் என் நாடாவைப் போடச் செய்தேன். நாடாவின் இரண்டாம் பக்கத்தில் மாண்டலினுக்குத் தவில் பக்கவாத்தியமாக இருந்தது. ஸ்ரீநிவாஸின் புதுமைகளுள் இதுவும் ஒன்று. வளையப்பட்டி ஏ. ஆர். சுப்பிரமணியம் போன்ற பெருந்தவில் வித்துவான்கள் அவருடன் வாசித்தனர். திறந்த வெளியில் நாகசுரத்துக்கு ஈடுகொடுக்கும் தவிலின் பக்கத்தில் வீணையை வைத்தால் அது பேசுவதே கேளாது. மின்பெருக்கியுள்ள மாண்டலினோ நின்று பதில் சொல்லும். பத்து நிமிடத்துக்குள் பெரியவர் ஒருவர் வந்து, “பாட்டில்லாத பாட்டு எதுக்கு? நிப்பாட்டுங்க” என்றார். ஒலிபெருக்கிக்காரர் நிறுத்தக் கையெடுத்த வேளை, கோயில் வீதியிற் பாய் விரித்துப் படுத்திருந்த கூத்து அண்ணாவியார் எழுந்துவந்தார். வடமோடிக் கூத்துக்களை எத்தனையோ களரியில் ஏற்றியவர். கண்ணை மூடித் தொடையிலே தாளம் போட்டு நின்றார். “ஆர் அடிக்கிற தவில்?” என்றார். சொன்னேன். “தவில் சரி. அந்த மற்றது, தவில்காரன் முடிக்கிற இடத்தை முன்னுக்கே அறிஞ்சு போய் நிக்குது பாரு. அது ஆர்?” என்று கேட்டார். பெரியவர் போய்விட்டார். அன்று நாடா இறுதிவரை ஓடியது.

ஓடியதால் ஒரு தீங்கும் விளைந்தது. ஒலிபெருக்கிக்காரரின் கருவி நாடாவைச் சிறிது தின்றுவிட்டது. பென்சிலாற் சுற்றி மீட்டெடுத்தோம். எனினும் கரகரப்பிரியாவின் நடுவிலே, மேற்பஞ்சமத்தைத் தொட்டு அவர் இறங்கும் இடத்தில், இரண்டு விநாடி அளவுக்கு நாடா இழுபட்டுவிட்டது. அவ்விடம் வரும்போது ஒலி நீருக்குள் அமிழ்ந்து மீண்டும் மேலே வரும். அந்நிலையில் அதனை நண்பரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு முகமில்லை. தைப்பொங்கலுக்குப் பின் என்ற தவணை சித்திரைக்குப் பின் என்றாயிற்று. பின்னர்ப் பரீட்சைக்குப் பின் என்றாயிற்று. 1999 இல் நண்பர் கனடாவுக்குப் போய்விட்டார். விடைபெற வந்தவரிடம் நாடாவைப் பற்றி யானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை கல்லடியைத் தின்றது. திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சியைப் படத்திற் பலரும் கண்டிருப்பர். நண்பரின் பெற்றோர் உயிர் தப்பினர். வீடும், திண்ணையில் அடுக்கியிருந்த பெட்டிகளும், நண்பர் சேர்த்து வைத்துச் சென்ற எண்பது தொண்ணூறு நாடாக்களும் போயின. சில நாட்களில் கனடாவிலிருந்து பேசியவர், தாய் தந்தையரின் சுகம் கேட்டறிந்தபின், “என்ர கசற் ஒண்டும் மிஞ்சேல்லை மச்சான்” என்றார். ஒன்று மிஞ்சியிருக்கின்றது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரவல் வாங்கியதைக் கொடுக்காதவன் என்ற நாணம் தடுத்தது. இத்துணைப் பெரிய இழப்பின் நடுவே ஒரு நாடாவைப் பற்றிப் பேசுவது சிறுமையென்றும் பட்டது. இரண்டுள் எது மெய்யான காரணம் என்று இன்றும் யான் அறுதியிட்டுக் கூறேன்.

நண்பர் அங்கே ஸ்ரீநிவாஸின் கச்சேரியை நேரிற் கண்டிருந்தார். யான் அதனை அவர் கடிதத்தின் வழியே கண்டேன். மேடைக்கு வந்தவர் புன்னகையோடு கும்பிட்டு அமர்ந்தாராம், பேச்சு ஒன்றுமில்லை. இரண்டரை மணி நேரமும் அப்புன்னகை மாறவில்லையாம். பக்கவாத்தியக்காரர் நன்றாக வாசித்த இடங்களில் மட்டும் அது சற்று விரிந்ததாம். கருவி இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நண்பர் நினைத்திருக்கவில்லை. அது அவர் மடியிலே குழந்தைபோலக் கிடந்தது என்று எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி, “நீ பக்கத்தில இருந்திருக்க வேணும்” என்பது.

மேலைநாட்டார் அவரை வேறு வழியாகவும் அறிந்திருந்தனர். ஜோன் மக்லோலின் என்னும் ஆங்கிலேயக் கிற்றார் வித்துவான் 1971 இல் மகாவிஷ்ணு இசைக்குழுவை அமைத்து றொக் இசையையும் ஜாஸ் இசையையும் ஒன்றாய் முழக்கியவர். 1970களிலேயே சக்தி என்ற பெயரில் நம்மவர் இசையோடும் கூடினார். அச்சக்தியில் வயலின் வாசித்த எல். சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை பயிற்றியவர். 1958 கலவரத்தை அடுத்து அக்குடும்பம் இந்நாட்டைவிட்டு நீங்கியது. இங்கிருந்து போனவை எவையெவை என்று கணக்கெடுப்பின் இதுவும் அக்கணக்கிற் சேரவேண்டியதே. 1990களின் இறுதியில் மக்லோலின் அக்குழுவை மீண்டும் எழுப்பியபோது வயலினின் இடத்தில் ஸ்ரீநிவாஸின் மாண்டலின் வந்தது. தபேலாவுக்கு ஸாகிர் ஹுசைன், கஞ்சிராவுக்கு விக்கு விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ், பின்னர்ப் பாட்டுக்குச் சங்கர் மகாதேவன். என் மாணவர்களுள் கிற்றார்ப் பித்துப் பிடித்த இளைஞர் சிலர் உளர். அவர்கள் ஸ்ரீநிவாஸை அக்குழுவின் ஒளிப்பதிவுகளாலேயே அறிவர். “சேர், அவர் ஒரு றொக் ஸ்ரார்” என்பர். யான் மறுப்பதில்லை. கிற்றாரும் மாண்டலினும் ஒன்றையொன்று துரத்தி, ஒன்று விட்ட இடத்தில் மற்றது பிடித்து ஏறும்போது எழும் ஆரவாரம் எந்த றொக் மேடைக்கும் குறைந்ததன்று. எனினும், அவ்வாரவாரத்தில் அவர் நமக்குப் பாதியளவே கிடைக்கின்றார் என்பது என் கருத்து. வேகத்தைக் காட்டும் இடம் அங்கே அதிகம், நிற்கும் இடம் குறைவு. ஒரே சுரத்தில் நின்று அவர் செய்வதைக் கேட்க வேண்டுமாயின் அரைமணி நேரக் கரகரப்பிரியாவுக்கே வரவேண்டும். இதற்காக என்னைப் பழமைவாதி என்று மாணவர் நகைப்பதுண்டு.

2007 மாசி பங்குனி மாதங்களிற் படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்தது. கையிற் கொண்டு செல்லக்கூடியவற்றையே கொண்டுசென்றோம். யான் எடுத்தவை எனது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், அம்மாவின் மருந்து, பொலித்தீன் பையிற் சுற்றிய அந்நாடா. திரும்பி வந்தபொழுது வீடு இருந்தது, கூரை இல்லை. பின்பு மின்சாரம் வந்தது. கணினி வந்தது. ஒருநாள் களுவாஞ்சிகுடியில் ஒரு கடையிலே அமர்ந்து அவர் வாசிப்பதை முதன்முறையாகக் கண்ணாற் கண்டேன். பதினொரு ஆண்டு காதாலேயே அறிந்த ஒருவர். நண்பர் எழுதியது முற்றும் உண்மை; புன்னகைதான் முதலிற் கண்ணிற் பட்டது. அங்கே அதே கரகரப்பிரியா, வேறொரு கச்சேரியில் வாசித்தது, கிடைத்தது. மிகத் தெளிவான பதிவு. ஆயினும் மேற்பஞ்சமத்திலிருந்து இறங்கும் இடத்தில் என் காது அந்த அமிழ்வை எதிர்பார்த்து நின்றது. அது வராமற் போகவே, படியொன்று தவறிய கால்போல மனம் தடுமாறியது.

அவரை நேரிற் காணவேண்டும் என்ற எண்ணம் அதன்பின் பெருகிற்று. சென்னையில் மார்கழி இசைவிழாவுக்கு ஒருமுறை போய்வரத் திட்டமிட்டு மாதந்தோறும் சிறு தொகை சேர்த்தேன். 2011 தை மாதத்து வெள்ளம் எம் மாவட்டத்தை மூடியபோது அத்தொகை மீண்டும் கூரைக்குப் போயிற்று. 2013 இல் கடவுச்சீட்டும் எடுத்து, பணமும் இருந்தது. அவ்வாண்டு நிச்சயமாகப் போயிருக்கலாம். மார்கழியிற் சாதாரண தரப் பரீட்சை, பிள்ளைகளை விட்டுப் போவதெப்படி என்று ஒரு காரணம் சொன்னேன். உண்மை என்னவெனில், தனியே ஒரு மாநகருக்குச் செல்ல எனக்கு அச்சமாய் இருந்தது. அவருக்கோ வயது 44. இன்னும் முப்பது ஆண்டு வாசிப்பார், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றிருந்தேன். மறு ஆண்டுக்கு வழியும் கிடைத்தது. மனைவியின் உறவினர் சிலர் சிதம்பரம் திருவாதிரைக்குத் தலயாத்திரை போக இருந்தனர். நானும் பெயர் கொடுத்து முற்பணமும் கட்டினேன்.

2014 செப்டெம்பர் 19, வெள்ளிக்கிழமை. பள்ளியில் வாணிவிழாவுக்காகப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்றிவிட்டு வீடு திரும்பினேன். கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. நண்பர் பேசவில்லை, சிறிது நேரம் மூச்சு மட்டுமே கேட்டது. அவருடைய தந்தையாருக்கு ஏதோ ஆயிற்று என்றே அஞ்சினேன். “ஸ்ரீநிவாஸ் போயிட்டார் மச்சான்” என்றார். ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட கோளாறுகளினாற் சென்னையில் அன்று காலை இறந்தார். வயது 45.

அப்பொழுதுதான் நாடாவைப் பற்றிச் சொன்னேன். பதினெட்டு ஆண்டுக்குப் பின். “உன்ர கசற் என்னட்டை இருக்கு. சுனாமியில போகேல்லை. நான் தராமல் விட்டதால தப்பிச்சுது.” நண்பர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், “ஓடுதோ?” என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். “போடு” என்றார். தொலைபேசியைக் கருவியின் வாயருகே வைத்தேன். இழுபட்ட இடம் வந்தபோது, “இதென்ன?” என்றார். திருவிழாக் கதையை அன்றுதான் அவருக்குச் சொன்னேன். அழுகையின் நடுவே சிரித்தார்.

முற்பணம் கட்டியதாயிற்றே என்று அம்மார்கழியில் யாத்திரைக்கும் போனேன். சென்னையில் இரண்டு நாள் தங்கினோம். மற்றவர்கள் துணிக்கடைக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகல், வழி கேட்டுக் கேட்டு மயிலாப்பூரில் ஒரு சபைக்குச் சென்று வீணைக் கச்சேரி ஒன்றில் அமர்ந்தேன். வாசித்த அம்மையார் நன்றாகவே வாசித்தார். யான் அஞ்சிய மாநகரம் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஆண்டுக்கு முன் இதே நாற்காலியில் அமர்ந்திருக்க முடியும் என்ற நினைவே கச்சேரி முடியும்வரை இருந்தது. இடையில் எழுந்து வெளியே வந்து கோப்பி குடித்தேன்.

இவ்வாண்டு எனக்கும் வயது 45 ஆகின்றது. பண்டிதர் ஐயா இன்றில்லை. சக்திக் குழு மீண்டும் கூடி வெளியிட்ட இசைத்தட்டுக்கு 2024 இல் கிராமி விருது கிடைத்தது. அவ்வாண்டு மார்கழியில் ஸாகிர் ஹுசைனும் மறைந்தார். மாண்டலினை ஸ்ரீநிவாஸின் தம்பி ராஜேஷும் சீடர்களும் வாசிக்கின்றனர். எங்கள் ஊர் அண்ணாவியாரின் பேரன் ஒருவன் கிற்றார் பழகுகின்றான். தந்தியை இழுத்து அசைக்க அவன் படும் பாட்டைப் பார்த்து, யாழின் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் கைப்பேசியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான்.

விழாவுக்குக் கனடாவிலிருந்து வருவதாக நண்பர் அறிவித்திருக்கின்றார். நாடாவை அவர் கையில் ஒப்படைப்பதாக முடிவு செய்துள்ளேன். அதற்குமுன் எனக்கென ஒரு பிரதி வேண்டி மட்டக்களப்பில் ஒரு கடையிற் கொடுத்தேன். கடையிலிருந்த இளைஞர் போட்டுப் பார்த்துவிட்டு, “சேர், நடுவில ஒரு இடம் பழுது. கணினியில அதை எடுத்துவிட்டு ஒட்டித் தரட்டோ? கொஞ்சமும் தெரியாது” என்றார். வேண்டாம் தம்பி, அது இருக்கட்டும் என்றேன். வரும் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கின்றார்.